நூறு கோழிக்கு ஒரு சீசா

கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்த நாளிலேயே அவளுக்குச் சின்னவள் என்று பெயர் விழுந்துவிட்டது. மூத்த மருமகள் ஏற்கெனவே பெரியவள் ஆகியிருந்ததால் இவளுக்கு மிச்சமிருந்தது அதுதான். இப்போது வயது ஐம்பத்து மூன்று. முட்டி தேய்ந்துவிட்டது, முன்னந்தலை நரைத்துவிட்டது. தெருவில் இன்னும் சின்னவள்தான்.

வேலை செய்யும் இடத்தில் மாட்டாஸ்பத்திரி அக்கா. பஸ்ஸில் அரை மணி நேரம் தள்ளியிருந்த கால்நடை மருந்தகத்தைத்தான் ஜனங்கள் அப்படிச் சொன்னார்கள். இரண்டு அறை, ஒரு வராந்தா, மாட்டை நிறுத்தி ஊசி போட இரும்புக் குழாயில் ஒரு சட்டம். அந்த இடத்தைப் பதினாறு வருடமாகக் கூட்டிக் கழுவி வருகிறவள் அவள்தான். மாடு பயத்தில் போட்ட சாணி, ஆட்டின் ரத்தம், நாய் கக்கியது, கூடவே வந்த மனுஷர்கள் துப்பிய வெற்றிலைச் சாறு எல்லாம் அவள் துடைப்பத்துக்குத்தான் வந்து சேரும். "மாடு பரவாயில்லை, வாயில்லாத ஜீவன்" என்று மட்டும் எப்போதாவது சொல்வாள்.

காலையில் ஐந்தரைக்கு எழுந்து கொல்லைப்புறத்துக் கோழிக்கூட்டைத் திறப்பாள். பழைய லாரிப் பலகைகளை அறுத்து அவள் புருஷன் அடித்த கூடு அது. அவர் லாரி மெக்கானிக்காக இருந்தவர். ஆறு வருடத்துக்கு முன்னால் ஜாக்கி நழுவி இடுப்பில் அடிபட்டது. அன்றிலிருந்து கைத்தடியும் பிளாஸ்டிக் ஸ்டூலும்தான். உட்கார்ந்தபடி காய் நறுக்குவார், அடுப்பைப் பார்த்துக்கொள்வார். குனிய மட்டும் முடியாது. கோழி வளர்ப்பதில் முக்கால்வாசி குனிவதுதான். குருணை இறைக்கவும் தண்ணீர்ச் சட்டியைக் கழுவவும் கூட்டுக்கடியில் எச்சத்தைச் சுரண்டவும் முட்டை தேடவும் குனிந்துதான் ஆகவேண்டும். ஆகவே எல்லாம் சின்னவள் தலையில் விழுந்தது. ஆறே முக்கால் பஸ்ஸுக்குள் அத்தனையையும் முடித்தாக வேண்டும்.

பதினாறு உருப்படிகள். அதில் சேவல் ஒன்று. அதற்குச் சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தது புருஷன். "ஒரு வேலையும் கிடையாது, சுத்திச் சுத்தி வந்து சத்தம் மட்டும் போடுவான்" என்பார். கழுத்தில் இறகே இல்லாத ஒரு பெட்டைக்கு மொட்டைக்கழுத்தி என்று பெயர். மற்றவற்றுக்குப் பெயரில்லை. கோழிகள்மேல் அவளுக்குப் பெரிய பாசம் என்றும் சொல்லிவிட முடியாது. ஒருநாள் இல்லாவிட்டால் கை தேடும், அவ்வளவுதான்.

கொல்லைப்புறத்தின் நடுவில் ஒரு கம்பிவேலி. அந்தப் பக்கம் பெரியவளின் பாதி வீடு. பெரியவளுக்கு அறுபது ஆகப்போகிறது. புருஷன் போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருடம். ஒரே மகள் தூரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இருபத்து மூன்று கோழிகள்தான் பெரியவளின் பிழைப்பு. டீக்கடைக்கும் பள்ளிக்கூட வாத்தியார்கள் வீடுகளுக்கும் முட்டை போகும். சின்னவளும் அவளும் பேசிப் பதினோரு வருடமாகியிருந்தது.

கோழிகளுக்கு இந்தச் சங்கதியெல்லாம் தெரியாது. வேலியில் இருந்த ஓட்டைகள் வழியாக அந்தப் பக்கத்துக் கோழி இங்கே வந்து கிளறும், இந்தப் பக்கத்துக் கோழி அங்கே போய் முட்டை போடும். அப்படிப் போட்ட முட்டை பொழுது சாய்வதற்குள் வேலியோரம் கிடந்த செங்கல்மேல் வந்து உட்கார்ந்திருக்கும். யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. பதினோரு வருடத்தில் ஒரு முட்டைகூட இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தவறியதில்லை. ஒரு வார்த்தையும் வேலியைத் தாண்டியதில்லை.

சண்டை வீடு பிரித்த அன்றைக்கு வந்தது. மாமனார் இறந்த பிறகு நாலு பேரைக் கூட்டி நாடா பிடித்து அளந்தார்கள். இளைய மகன் பங்குக்கு இரண்டு அறை என்று சொன்னபோது பெரியவள் எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்தாள்.

"முட்டை போடாத கோழிக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கூடு?"

சின்னவளுக்குக் குழந்தை கிடையாது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து, ஏற்கெனவே கழுவியிருந்த சமையலறைத் தரையை மறுபடி கழுவினாள். அன்று மூடிய வாய்தான்.

அதனால் வந்த நஷ்டம் ஒன்று உண்டு. கோழிகளுக்கு வருகிற வெள்ளைக்கழிச்சல் என்ற நோய்க்கு மருந்தகத்தில் தடுப்பு மருந்து இருந்தது. கண்ணில் ஒரு சொட்டு விட்டால் போதும். ஆனால் அது ஒரு சீசா நூறு கோழிக்கு என்ற கணக்கில்தான் வரும். கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிஞ்சினால் கொட்டத்தான் வேண்டும்.

"உங்க பதினாறுக்காக நான் ஒரு சீசாவை உடைக்க முடியாதுக்கா" என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். "தெருவுல பேசி ஒரு எண்பது தொண்ணூறு சேருங்க. நானே ஐஸ் டப்பாவோட வந்துடறேன்."

தெருவில் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் பக்கத்து வீட்டுப் படியேற வேண்டும். அங்கே இருப்பதே இருபத்து மூன்று. அதை விட்டுவிட்டு மற்ற வீடுகளில் கேட்டால், "அங்க கேட்டாச்சா?" என்பார்கள். சின்னவள் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளினாள். அப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு மாதத்தில் அது நடந்தது. மருந்தகத்துக்கு ஒரு ஆள் சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வராந்தாவில் கவிழ்த்தார். ஐந்து கோழிகள். நாலு செத்திருந்தன. ஒன்று கழுத்தைப் பின்பக்கமாக முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி கிடந்தது. டாக்டரம்மா வந்து பார்த்தாள். சின்ன வயதுப் பெண், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"வெள்ளைக்கழிச்சல்தான். அக்கா, இந்த இடத்த நல்லாக் கழுவிடுங்க. வீட்டுக்குப் போகும்போது கால், செருப்பு ரெண்டையும் மருந்துத் தண்ணில கழுவிட்டுப் போங்க. உங்க வீட்டுலயும் கோழி இருக்குல்ல, இது கால்ல ஒட்டிக்கிட்டே வந்துடும்."

"சரிம்மா" என்றாள்.

அன்றைக்கென்று பார்த்து ஆய்வுக்கு மேலதிகாரி வருவதாகத் தகவல். வராந்தாவை மூன்று முறை கழுவினாள். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். மருந்து அலமாரியைக் காலிசெய்து, துடைத்து, திரும்ப அடுக்கினாள். மேலதிகாரி வரவில்லை. எல்லாம் முடிந்தபோது ஐந்து பத்து. ஐந்தேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறரைக்கு. ஊதா நிற மருந்துத் தண்ணீர் பின்பக்கத் தொட்டியில் இருந்தது. இருபது அடி நடக்க வேண்டும். பஸ் ஹாரன் கேட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கினாள். இறங்கி வீட்டுக்கு வந்தபோது கோழிகள் கூட்டுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தன. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குக்கூடத் தோன்றாமல் நேராகக் கொல்லைப்புறம் போய் அவற்றை உள்ளே அடைத்தாள். பிறகுதான் உட்கார்ந்தாள்.

நாலாம் நாள் காலை மொட்டைக்கழுத்தி கூட்டை விட்டு வரவில்லை. இறக்கை தொங்கிப்போய், கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தது. கீழே பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்திருந்தது. அதைப் பார்த்ததும் சின்னவள் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். என்ன நோய் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கிருந்து வந்தது என்பதும் அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

ஒரே வாரம். முதல் நாள் ஒன்று, மறுநாள் மூன்று, அதற்கடுத்த நாள் ஐந்து. சூப்பர்வைசர் கடைசிவரை நடந்துகொண்டுதான் இருந்தான். சத்தம் மட்டும் வரவில்லை, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினான். ஒரு மத்தியானம் வேலியோரத்தில் சரிந்து கிடந்தான். பதினாறில் நாலு மிஞ்சின. புருஷன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நீளமான கடப்பாரையால் மண்ணை இளக்கிக் கொடுத்தார். அவள் அள்ளி அள்ளிக் குழியாக்கினாள். வேலிக்கு அப்பால் பெரியவளும் மண் வெட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் இந்தப் பக்கத்தைவிட அதிகம் கேட்டது.

"அந்தப் பக்கம் ரெண்டே ரெண்டுதான் மிச்சம் போலிருக்கு" என்றார் புருஷன்.

"எல்லாம் என்னால."

"உன்னால எப்படி? காத்துல வந்திருக்கும்."

"காத்து என் செருப்பைப் போட்டுக்கிட்டா வந்துச்சு?"

அவர் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் அந்தச் சாயங்காலத்தை, ஊதாத் தண்ணீரை, ஐந்தேகால் பஸ்ஸைச் சொன்னாள். சொல்லும்போது அழுகை வரவில்லை. யாரோ ஒருத்தி செய்ததைச் சொல்வது போலிருந்தது.

"நாம சொன்னாத்தானே தெரியும்" என்றார் அவர், மெல்லிய குரலில்.

"தெரு பூராவும் கோழி திரியுது. இன்னைக்கே அடைச்சு வைக்கச் சொல்லலைன்னா எல்லார் வீட்டுலயும் குழி வெட்டணும். அதைச் சொன்னா எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. தெருவுல யார் வாய்லயோ கேட்டு அக்காவுக்குத் தெரியவேண்டாம்."

அவள் 'அக்கா' என்று சொன்னதை அவர் கவனித்தார்.

கையைக் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். வேலியைத் தாண்டினால் பத்தடி. அவள் தெருவழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். வாசல் கதவு திறந்தே கிடந்தது. அந்த வீட்டுக்குள் பதினோரு வருடத்தில் எதுவும் மாறவில்லை. ஜன்னலோரம் தையல் மிஷின், அதன்மேல் துணிமூட்டை, சுவரில் பெரியவளின் புருஷன் படம் மட்டும் புதிது. கொல்லைப்புறத்தில் பெரியவள் கூட்டிலிருந்து சுரண்டியெடுத்த வைக்கோலைக் கொளுத்திக்கொண்டிருந்தாள். புகையில் கண்ணை இடுக்கிக்கொண்டு, "யாரது?" என்றாள்.

"நான்தான்க்கா. சின்னவ."

பெரியவள் கையிலிருந்த குச்சியைக் கீழே போடவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

"என்ன?"

"நோயை நான்தான் கொண்டாந்தேன். ஆஸ்பத்திரிக்குச் செத்த கோழி வந்துச்சு. காலைக் கழுவிட்டுப் போகச் சொன்னாங்க. கழுவல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அப்படியே வந்துட்டேன். உங்க கோழி செத்ததுக்கு நான்தான் காரணம்."

பெரியவள் எரிகிற வைக்கோலைக் குச்சியால் ஒதுக்கிவிட்டாள். பிறகு ஆரம்பித்தாள். அவள் குரல் தெருமுனைவரை கேட்டிருக்கும். இருபத்தொரு உசிரு என்றாள். ஒரு காலைக் கழுவத் துப்பில்லாத உனக்கு ஆஸ்பத்திரி வேலை ஒரு கேடா என்றாள். நாளைக்கு டீக்கடைக்காரனுக்கு என் தலையையா கொண்டுபோய்க் கொடுப்பேன் என்றாள். வயிற்றில் அடித்துக்கொண்டாள். சின்னவள் நின்று கேட்டாள். வலிக்கவும் இல்லை. ஏழு நாள் தூக்கமில்லாத உடம்பில் எதுவும் உறைக்காது போலிருந்தது. கவிழ்ந்து கிடந்த ஒரு வாளிமேல் தானாகவே உட்கார்ந்தாள்.

கத்திக் களைத்த பெரியவள் மூச்சு வாங்கினாள். "தடுப்பு மருந்துன்னு ஒண்ணு இருக்காமே. ஆஸ்பத்திரியிலயே இருக்க. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருக்கணும். இந்தப் படியேற மனசு வரல."

"ஏன்?"

"நீங்க அன்னைக்குச் சொன்ன வார்த்தைதான்."

"என்ன வார்த்தை?"

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். கேலிக்குக் கேட்கிற முகமாக இல்லை. பெரியவளுக்கு நிஜமாகவே ஞாபகமில்லை. பதினோரு வருடமாக எதை நினைத்து நினைத்துப் புழுங்கினாளோ, அந்த வார்த்தையை இப்போது தன் வாயாலேயே சொல்லிக்காட்ட வேண்டியிருந்தது. சொன்னாள். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

பெரியவளின் குச்சி தீயில் விழுந்தது. "நானா சொன்னேன்?"

"நீங்கதான். நாடா பிடிச்சு அளந்தாங்களே, அப்போ."

"நான்..." பெரியவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அதை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "தையல் மிஷினை நான் எடுத்துக்கிட்டேன்ல. அதுக்குத்தான் நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கேன்னு நெனச்சேன். ஒரு மிஷினுக்கு இத்தனை வருஷமா ஒருத்தி பேசாம இருப்பாளான்னு எனக்கும் வீம்பு."

"தையல் மிஷினா? எனக்குத் தைக்கவே தெரியாதேக்கா."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை. மன்னிப்பு என்ற பேச்சும் எழவில்லை. பெரியவள் அதன்பிறகு வெகுநேரம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வைக்கோலைக் கிளறிக்கொண்டிருந்தாள். சின்னவள் தனக்குக் கோபம் வருமென்று பார்த்தாள். வந்தது ஒரு சலிப்புத்தான். சொன்னவளுக்கே தெரியாத ஒன்றைத் தான் மட்டும் கட்டிக்கொண்டு அழுததில் எத்தனை நாள் போயிற்று, அதில் ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கியிருக்கலாமே என்றிருந்தது.

எழுந்து, கூட்டின் பக்கத்தில் கிடந்த கட்டைத் துடைப்பத்தை எடுத்தாள். "இப்படிக் கழுவுனாப் பத்தாது. பலகைச் சந்தெல்லாம் சுண்ணாம்பு அடிக்கணும்."

"சுண்ணாம்பு அந்த டின்னுல இருக்கு" என்றாள் பெரியவள், திரும்பாமல்.

பொழுது சாய்கிறவரை இரண்டு கூட்டையும் தேய்த்தார்கள். அதற்கு நடுவே புருஷன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வீடு வீடாக வாசலில் நின்றே சொல்லிவிட்டு வந்தார். யாரும் கோழியைத் திறந்துவிட வேண்டாம், எங்கள் வீட்டுப் பக்கம் வர வேண்டாம், நோய் எங்களிடமிருந்துதான் என்றார். சிலர் திட்டினார்கள். நாலு வீடு தள்ளியிருந்த தச்சர், "உங்க வீட்டம்மாவ இந்தப் பக்கமே வரவேணாம்னு சொல்லுங்க" என்றார். ஆனால் எல்லோரும் அடைத்து வைத்தார்கள். அந்த இரண்டு வீடுகளைத் தாண்டி நோய் போகவில்லை. அதற்காக யாரும் நன்றி சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

டாக்டரம்மாவிடமும் மறைக்கவில்லை. டாக்டரம்மா திட்டவில்லை. அது சின்னவளுக்குச் சங்கடமாகப் போயிற்று. மறுநாள் காலை வந்தபோது ஊதாத் தண்ணீர்த் தொட்டி பின்பக்கத்திலிருந்து வாசற்படிக்கு வந்திருந்தது. மிதிக்காமல் யாரும் வெளியேற முடியாது. "இது முதல்லயே இங்கதான் இருந்திருக்கணும்" என்றாள் டாக்டரம்மா.

ஒரு மாதம் கழித்துப் பெரியவளும் சின்னவளும் தடுப்பு மருந்துக்குக் கோழி சேர்க்கத் தெருவில் இறங்கினார்கள். பெரியவள் பேசினாள், சின்னவள் விரல்விட்டு எண்ணினாள். தச்சர் வீட்டில் கதவைத் திறக்கவே யோசித்தார்கள். பெரியவள் வாசலில் நின்று, "அவளால எனக்குத்தான் நஷ்டம், நானே வந்திருக்கேன், உனக்கென்ன?" என்று ஒரு போடு போட்டாள். அங்கேயிருந்து ஒன்பது சேர்ந்தன. எல்லாமாக எண்பத்தாறு.

கம்பவுண்டர் சொன்னபடி ஐஸ் டப்பாவோடு ஒரு விடிகாலை வந்தார். கூட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே பிடித்தாக வேண்டும். பிடித்துக் கொடுப்பது சின்னவள், தலையைத் திருப்பிப் பிடிப்பது பெரியவள், சொட்டு விடுவது கம்பவுண்டர். வீடு வீடாக இரண்டு மணி நேரத்துக்குள் ஓட வேண்டியிருந்தது. ஐந்தாவது வீட்டில் கம்பவுண்டரின் சட்டைமேல் ஒரு கோழி கழிந்துவிட்டது.

"பதினெட்டு வருஷ சர்வீஸ்ல கிடைச்ச மெடல்" என்றார் அவர்.

எட்டு மணிக்கு முடிந்தபோது சின்னவளின் கையெல்லாம் கீறல். அன்றைக்கு அவளுக்கு விடுமுறை இல்லை. கம்பவுண்டரின் வண்டியிலேயே ஏறி, போய், வழக்கம்போல வராந்தாவைக் கழுவினாள்.

பிறகு பெரியவளிடம் மிஞ்சிய ஒரு பெட்டை அடைக்கு உட்கார்ந்தது. தெருக்கோடி வீட்டிலிருந்து பதினாலு முட்டை வாங்கி வைத்தார்கள். ஒன்பது பொரித்தன. குஞ்சுகள் வேலியின் எல்லா ஓட்டைகளையும் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டன. எது யாருடையது என்று அடையாளத்துக்குச் சாயம் பூசலாமா என்று புருஷன் கேட்டார். "உன் வீட்டுக்காரருக்குப் பொழுது போகலைன்னா ஒரு மூட்டை வெங்காயம் அனுப்புறேன், உரிக்கச் சொல்லு" என்றாள் பெரியவள். பிரிக்கவில்லை. முட்டை வருகிற காலத்தில் டீக்கடைக்குப் பெரியவள்தான் கொண்டுபோவாள் என்பது மட்டும் பேசாமலே முடிவாயிற்று.

சின்னவளின் நாட்களில் பெரிய மாற்றம் ஒன்றும் வந்துவிடவில்லை. ஐந்தரைக்கு எழுகிறாள், குனிகிறாள், ஆறே முக்காலுக்கு ஓடுகிறாள். முட்டிவலி கூடியிருக்கிறது. புதிதாகச் சேர்ந்தது ஒன்றுதான். சாயங்காலம் அவள் வந்து இறங்கும் நேரம் பார்த்துப் பெரியவள் வேலியோரம் வந்து நிற்கிறாள். பதினோரு வருடத்துப் பேச்சும் அவளுக்குள் சேர்ந்து கிடக்கிறது. மகளின் மாமியார், டீக்கடைக்காரன் மனைவி, தன் இடது தோள்பட்டை என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது.

"பேசாம இருந்த காலத்துல கொஞ்சம் ஓய்வாச்சும் இருந்துச்சு" என்று சின்னவள் புருஷனிடம் ஒருநாள் சொன்னாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்து, இடுப்பு வலி வந்து நிறுத்தினார்.

நேற்றும் அப்படித்தான். சின்னவள் பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. வேலிக்கம்பத்தில் சாய்ந்து நின்றாள். பெரியவள் மகளின் மாமியார் அனுப்பிய ஏதோ ஒரு செய்தியை முதலிலிருந்து ஆரம்பித்து, இடையில் வேறொன்றுக்குப் போய், திரும்பி வந்துகொண்டிருந்தாள். சின்னவளின் கண் செருகியது.

"ஏய், கேக்குறியா?"

"கேக்குறேன்க்கா" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "சொல்லுங்க."